சுவாஹிலி அடிப்படைத் தேர்வு: சொல்லை ஒற்றையாகப் படிக்காதீர்கள்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். இங்கே தான்சானியாவின் டார் எஸ் ஸலாமில் வேலை பார்த்துக்கொண்டே அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னைக் கரைசேர்த்தது ஒரே பழக்கம். எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்யவில்லை. ஒருமை, பன்மை, பக்கத்தில் ஒரு பெயரடை, மூன்றையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்வேன். 'கிட்டாபு கிஸூரி, விட்டாபு விஸூரி' (நல்ல புத்தகம், நல்ல புத்தகங்கள்). 'ம்டோட்டோ ம்ஸூரி, வாடோட்டோ வாஸூரி' (நல்ல குழந்தை, நல்ல குழந்தைகள்). இந்த மொழியில் பன்மை சொல்லின் தலையில் மாறுகிறது. பெயரடையும் கூடவே மாறுகிறது. கண் 'ஜிச்சோ', கண்கள் 'மாச்சோ'. பட்டியலில் ஒருமையை மட்டும் படித்தவருக்கு 'மாச்சோ' காதில் விழுந்தால் புதுச்சொல்லாகத்தான் இருக்கும். பெயர்ச்சொற்களை இனம் பிரிக்கும் வகுப்பு எண்களையும் இலக்கண அட்டவணையையும் நான் தொடவே இல்லை. சத்தமாகச் சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும். எழுதிப் பார்த்துப் படிப்பவர்களும் இந்த ஜோடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு ஒருமையும் பன்மையும் 'ஞும்பா'தான். அதனால் சுட்டுச்சொல்லோடு படிக்க வேண்டும்: 'ஞும்பா ஹீ' இந்த வீடு, 'ஞும்பா ஹிஸி' இந்த வீடுகள். காண்டாமிருகம் 'கிஃபாரு', புத்தகத்தைப் போலத் தொடங்கினாலும் உயிருள்ளது என்பதால் பெயரடை மனிதருக்கு வருவது போல வரும்: 'கிஃபாரு ம்குப்வா' (பெரிய காண்டாமிருகம்). என் தாளில் இது வந்தது.

இன்னும் சில:

- குறிப்பேட்டில் தமிழ் எழுத்து வேண்டாம், ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். வாத்துக்கான சொல்லும் 'பெறு' என்ற வினையும் முதல் ஒலியில்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் 'பாட்டா' ஆகிவிடும். இங்கே வேறு வழியில்லாமல் தமிழில் தந்திருக்கிறேன்.
- 'ஸாஃபி' (சுத்தமான), 'ரஹீசி' (எளிய, மலிவான) போன்ற அரபு வழிப் பெயரடைகள் மாறுவதே இல்லை. வாய்மொழித் தேர்வில் தடுமாறும்போது இவை காப்பாற்றும்.
- தேர்வாளர் வயதில் மூத்தவராக இருந்தால் 'ஷிக்கமோ' (மூத்தவருக்கான மரியாதை வணக்கம்) சொல்லித் தொடங்குங்கள். அவர் பதிலுக்கு 'மரஹபா' என்பார். அந்த ஒரு பரிமாற்றத்திலேயே பாதிப் பதற்றம் போய்விடும்.
- விலைகளைக் கரியாக்கோ சந்தையில் காதால் கேளுங்கள். எத்தனை என்ற எண் பின்னால் வரும்: 'எல்ஃபு ம்பிலி' (ஆயிரம் இரண்டு) 2000, 'மியா டானோ' (நூறு ஐந்து) 500.

கேட்டல் பகுதியில் நேரமும் கிழமையும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. மணி விடியலிலிருந்து எண்ணப்படுகிறது. 'ஸா ம்பிலி அசுபுஹி' என்றால் சொல்படி இரண்டு மணி, கடிகாரத்தில் காலை 8. ஆறைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க அங்கே அவகாசம் கிடைக்காது. கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் சுவாஹிலியில் மணி சொல்லிப் பழகுங்கள். கிழமைகளின் எண்ணிக்கை சனியில் தொடங்குகிறது: சனி 'ஜுமாமோசி', ஞாயிறு 'ஜுமாபிலி', அப்படியே புதன் 'ஜுமாட்டானோ' வரை. வியாழன் 'அல்ஹமீசி', வெள்ளி 'இஜுமா' இரண்டும் அந்த வரிசையில் சேராதவை. அவற்றைத் தனியே படியுங்கள். கிழமையும் மணியும் ஒரே வாக்கியத்தில் வந்தால் முதலில் கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒலிப்பதிவு இரண்டாம் முறை ஓடும்போது மணியைப் பிடிக்கலாம்.