தடுப்பவன் வேலை

ஐஸ் நன்றாக இருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி விழட்டும், பிள்ளைகளின் தகப்பன்மாரிலிருந்து பயிற்சியாளர் வரை கண்ணாடியில் தட்டிக் கூப்பிடுவார்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து அரங்கு ஒன்றில் இருபத்தைந்து வருடம் சம்போனி, அதாவது ஐஸ் ஹொக்கித் தளத்தைச் சீவிச் சமப்படுத்தும் வண்டி, ஓட்டியிருக்கிறேன். 1998இல் சேர்ந்தேன். அதற்கு முன் உணவகத்தில் கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அந்தக் கதை எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் இருக்கிறது, விடுவோம்.

எனக்கு வேலை பழக்கியவர் ஓய்வுக்கு இரண்டு வருடமே மிச்சமிருந்த ஒரு வெள்ளைக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். சம்போனியின் அடியில் ஆறடிக்கு மேல் நீளமான கத்தி ஒன்று இருக்கும், ஐஸின் மேல்தோலைச் சீவுவதற்கு. அதை மாற்ற இருவர் வேண்டும். தடித்த கையுறை போட்டு, கூர் எங்கள் பக்கம் திரும்பாமல் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவோம். சீவிய இடத்தில் பின்னால் வெந்நீர் விழும். ஐஸுக்கு எதற்கு வெந்நீர் என்று முதல் கிழமையே கேட்டேன். பச்சைத்தண்ணீர் மேலோடு உறைந்துவிடும், வெந்நீர்தான் கீறலை இளக்கி உள்ளே இறங்கிப் பழைய ஐஸோடு ஒட்டும் என்றார். பிறகு தனக்குள் சொல்வது போல, "இது டிஃபென்ஸ்காரனின் வேலை மாதிரி. பிழை விட்டால்தான் உன்னைத் தெரியும்" என்றார்.

ஐஸ் ஹொக்கி எனக்கு அப்போது அவ்வளவாகப் பிடிபடவில்லை. கோல் அடிப்பவன் பெரிய ஆள், காப்பாளன் பாவம் என்ற அளவில்தான் இருந்தது. இடையில் டிஃபென்ஸ்காரர் இரண்டு பேர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்குவதை அவர்தான் பார்க்கச் சொன்னார். பந்தைப் பார்க்காதே, அவனுடைய இடுப்பைப் பார் என்பார். (பந்து இல்லை, பக். 170 கிராம் கெட்டி ரப்பர். நான் கடைசிவரை பந்து என்றுதான் சொன்னேன்.) ஆட்டம் முடிந்ததும் பலகைகளில் கறுப்புக் கறுப்பாக அந்தப் பக் பட்ட தழும்புகள் இருக்கும். துணியும் மருந்தும் கொண்டு உரசி எடுப்பது என் வேலை. பலகையே இப்படி என்றால், அந்தப் பக்குக்குக் குறுக்கே தானாகப் போய் விழுகிறவனின் விலா என்னவாகும்?

அப்படி விழுந்தவர்களில் ஒருவரைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொர்யே சல்மிங். ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி, 21ஆம் இலக்கம், டிஃபென்ஸ்காரர்.

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, கிருனா என்ற இரும்புச் சுரங்க ஊர்ப் பக்கம் 1951இல் பிறந்தவர் சல்மிங். தகப்பன் அந்த வடக்கின் பழங்குடியான சாமி இனத்தவர். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே சுரங்க விபத்தில் போய்விட்டார். மகன் பிறினாஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, வேறொரு ஆட்டக்காரரைப் பார்க்கப் போன லீஃப்ஸ் ஆள் இவரைக் கண்டுபிடித்தார். 1973இல் இங்கே வந்தார். கூடவே ஹம்மர்ஸ்ட்ரோம் என்ற நண்பரும்.

அப்போது லீஃப்ஸ் ஆடும் வட அமெரிக்க லீக்கான என்.எச்.எல்.லில் ஐரோப்பியர் மிக அரிது. சுவீடன்காரன் பயந்தாங்கொள்ளி, அடித்தால் ஓடிவிடுவான் என்ற எண்ணம். 'சிக்கன் சுவீட்' என்று கத்துவார்கள். இரண்டாவது ஆட்டமே பிலடெல்பியாவுடன். அடிதடிக்குப் பேர்போன அணி, விட்டு வைப்பார்களா? சொந்த அணி முதலாளி ஹரோல்ட் பலார்டே ஹம்மர்ஸ்ட்ரோமைப் பற்றி, சட்டைப்பையில் முட்டைகளோடு மூலைக்குப் போய் ஒன்றும் உடையாமல் திரும்புவார் என்று நக்கலடித்தவர்.

ஒரு நாள் இரவு பதினொரு மணி ஆட்டத்தில் ஒருவன் ஐஸ் மெதுவாக இருக்கிறது என்று என்னோடு கொழுவினான். "உன் நாட்டில் ஐஸைக் கண்டிருக்கிறாயா?" என்று கேட்டான். கண்டிருக்கிறேன், சர்பத்துக்குள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. எனக்கு வேலை பழக்கிய கிழவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு, பிலடெல்பியாவில் சல்மிங் வாங்கிய அடியையும் திருப்பிக் கொடுத்ததையும் அரைமணி நேரம் சொன்னார். அவர் அவ்வளவு கதைத்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

எனக்குப் பிடித்தது 1976இல் நடந்தது. கனடா கிண்ணப் போட்டி. சல்மிங் சுவீடன் சட்டையோடு லீஃப்ஸின் சொந்த அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் இறங்குகிறார், எதிரணிக்காரனாக. சனம் எழுந்து நின்று கைதட்டுகிறது. வந்து மூன்றே வருடம். எங்களில் பலர் முப்பது வருடம் இருந்தும் இந்த ஊர் எழுந்து நிற்கவில்லை. சரி, எங்களை யார் ஐஸில் இறக்கினார்கள்?

பதினாறு பருவம் லீஃப்ஸுக்கு ஆடினார். அந்த அணிக்கு மட்டும் 1,099 ஆட்டம், 148 கோல். மற்றவர் அடித்த கோலுக்குக் கைகொடுத்த கணக்கு 620. லீஃப்ஸில் அதை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை. லீக்கின் வெற்றிக்கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. 1986 நவம்பரில் டிற்றோயிற் அணியுடனான ஆட்டத்தில், கோலுக்கு முன்னால் விழுந்து கிடந்தவரின் முகத்தில் எதிராளியின் ஸ்கேற் ஏறியது. இருநூறுக்கு மேல் தையல். நான் 1989 ஜனவரியில் வந்திறங்கி, கோப்பை கழுவிய இடத்துத் தொலைக்காட்சியில் முதன்முதல் கண்டது அந்தக் கோடு விழுந்த முகத்தைத்தான். லீஃப்ஸில் அவருக்கு அது கடைசிப் பருவம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு டிற்றோயிற்றில் ஒரு பருவம், அங்கிருந்து ஸ்டொக்ஹோம். நாற்பது வயதில் 1992 ஒலிம்பிக்ஸ். 1993இல்தான் ஸ்கேற்றைக் கழற்றினார். 1996இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், சுவீடன்காரரில் முதல் ஆள். அதற்குப் பிறகு தன் பெயரில் உள்ளாடை விற்றார். உடம்பை வைத்துப் பிழைத்தவர் உடம்புக்கு உடுப்பு விற்றதில் என்ன பிழை?

1999 பெப்ரவரியில் கார்டன்ஸில் லீஃப்ஸின் கடைசி ஆட்டம் நடந்த இரவு, கிழவர் ஒன்றும் பேசாமல் மூன்று ஃபிளட்டும் (சம்போனியால் ஐஸைச் சீவி வெந்நீர் விடுவதை அப்படித்தான் சொல்வோம்) தானே அடித்தார். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் இப்போது பல்பொருள் அங்காடி. ஐஸின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் தரையில் ஒரு சிவப்பு வட்டம் வைத்திருக்கிறார்கள். பருப்பு வாங்கப் போனால் நான் அதை மிதிப்பதில்லை, வண்டிலைச் சுற்றிக் கொண்டுபோவேன்.

2022 ஓகஸ்டில் சல்மிங்குக்கு ஏ.எல்.எஸ். என்று செய்தி வந்தது. மூளையிலிருந்து தசைக்குப் போகிற நரம்பெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். நவம்பர் 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை அவரை ரொறன்ரோ அரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் அரங்கில் ஏழு மணிக்குச் சிறுவர் ஆட்டம். ஃபிளட் அடிக்க நேரமாகியும் நான் ஓய்வறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றேன். சல்மிங்கால் பேச முடியவில்லை. சனம் எழுந்து நின்று தட்டுகிறது. பக்கத்தில் லீஃப்ஸின் பழைய அணித்தலைவர் டரில் சிற்லர் அழுதபடி, நண்பரின் கையைப் பிடித்து மேலே தூக்கிவிடுகிறார். கத்தி தூக்கித் தூக்கி என் வலது தோளும் அந்த நேரம் காதுக்கு மேலே எழாது. இரண்டையும் ஒப்பிடக்கூடாது, தெரியும். ஆனாலும் என் மற்றக் கை தானாக அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் ஆட்டத்தை லீஃப்ஸ் தன் சுவீடன்காரரை இறக்கித் தொடங்கியது. நவம்பர் 24இல் சல்மிங் போய்விட்டார். 71 வயது.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஐஸுக்குப் போகும்போது நாலு நிமிடம் பிந்திவிட்டது. ஒரு தகப்பன் கண்ணாடியில் தட்டிக்கொண்டு நின்றார்.