டி.எம்.டி. பாசிட்டிவ் என்று மட்டும் எழுதினால் போதாது: அப்பாவின் கிளெய்ம் அனுபவம்

கோவையில் மெடிக்கல் கோடிங் வேலையில் எனக்கு இது ஆறாவது வருடம். டாக்டர் எழுதிய நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை, அதாவது கோடை, போடுகிற வேலை. அமெரிக்க மருத்துவமனைகளின் இதயப் பிரிவு சார்ட்டுகள், அதாவது நோயாளிக் குறிப்புகள்தான் தினமும் பார்ப்பது. போன மார்கழியில் அதே மாதிரி ஒரு ரிப்போர்ட் என் அப்பாவின் பெயரில் கைக்கு வந்தது.

கோபி பக்கம் எங்கள் ஊர். மஞ்சளும் நெல்லும் போடுகிற குடும்பம். அப்பாவுக்கு 58 வயது. பச்சைமலை முருகன் கோயில் படியேறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், என் காதுக்கு வரவில்லை. ஈரோட்டில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாகத்தான் இருந்தது. படுத்திருக்கும்போது எடுக்கிற ஈ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் டாக்டர் டிரெட்மில் டெஸ்ட்டுக்கு, அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. பார்க்கும் டி.எம்.டி.க்கு, எழுதினார்.

அந்த டெஸ்ட்டில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் இதயத் துடிப்பு வரவேண்டும். அப்பாவுக்கு 138. ஏழாவது நிமிடத்தில் நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். ஈ.சி.ஜி. வரைபடத்தில் எஸ்.டி. என்கிற பகுதி 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது; இதயத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று சந்தேகிக்கவைக்கும் அடையாளம் அது. ரிப்போர்ட்டின் கடைசி வரி: டி.எம்.டி. பாசிட்டிவ். அவ்வளவுதான்.

இந்த ஒற்றை வரியோடு நான் ஆறு வருடமாகப் பழகியிருக்கிறேன். புறநோயாளி சார்ட்டில் டாக்டர் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட் அப்நார்மல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஐ.சி.டி-10-சி.எம். என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டு முறையில் நாங்கள் போடுவது ஆர் 94.39. பரிசோதனை முடிவு இயல்பாக இல்லை என்பதற்கு மேல் அந்தக் கோடு எதுவும் சொல்லாது. இதய ரத்தக்குழாய் நோய் என்று டாக்டரே எழுதினால்தான் ஐ 25.10. நோயோடு ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலியும் இருந்தால் ஐ 25.119. ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்று எழுதியதை நோயாகக் கோடு செய்யக்கூடாது, நோயாளி சொன்ன அறிகுறியைத்தான் போடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாசிட்டிவ் என்றதும் ஐ 25.10 போட்டு ஆடிட்டில் மாட்டியிருக்கிறேன். அடைப்பே இல்லாதவர்களுக்கும் டிரெட்மில் பாசிட்டிவ் வருவதுண்டு என்பதை எங்கள் டீம் லீடர் அக்கா அன்றைக்குத்தான் உட்காரவைத்துப் புரியவைத்தார்.

ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோவுக்குக் கோவைக்கு அழைத்து வந்தோம். அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் குழலை வைக்க நேர்ந்தால் அப்போதே வைத்துவிடலாம் என்று பேச்சு. மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டக் கேட்கும் கேஷ்லெஸ் படிவத்தில், நோய் என்ற கட்டத்தில் ‘டி.எம்.டி. பாசிட்டிவ், ஆஞ்சியோவுக்காக’ என்று மருத்துவமனையில் எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்லவேண்டும் என்று 2024-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி கொண்டுவந்திருக்கிறது. பதில் நேரத்துக்கு வந்தது, ஆனால் மறுப்பாக வந்தது. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் செலவு கிடையாது என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு விலக்கு இருக்கும், எக்ஸ்க்ளூஷன் 04 என்று பெயர். அதைக் காட்டியிருந்தார்கள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து, “அம்மிணி, பணம் வராதுன்னா ஊட்டுக்குப் போயிரலாம், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் அந்தப் படிவத்தைப் படித்தால் மறுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வலியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லையே.

டாக்டர் வார்டுக்கு வந்ததும் போய் நின்றேன். எங்கள் தொழிலில் டாக்டரிடம் விளக்கம் கேட்கும்போது பதிலை நாமே வாயில் திணிக்கக்கூடாது. அந்த ஒழுங்கை இங்கேயும் விடவில்லை. “டாக்டருங்க, அப்பாவுக்கு எதனால அட்மிஷன் வேணும்னு நீங்க நினைக்கிறீங்களோ அதைக் கொஞ்சம் விவரமா எழுதித் தர முடியுங்களா?” என்று மட்டும் கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, எத்தனை நாளாக என்றார். “மூணு வாரமாத்தானுங்க, வரப்புல நாலு எட்டு வெச்சாலே அடைக்குதுங்க.”

டாக்டர் எழுதியது ஐந்து வரி. மூன்று வாரமாக, சாதாரண நடைக்கே வரும் ஆஞ்சைனா. டிரெட்மில்லில் ஏழு நிமிடம், வலியால் நிறுத்தம், எஸ்.டி. இறக்கம் 2 மில்லிமீட்டர். டிரெட்மில் முடிவை வைத்து இதய ஆபத்தைக் கணிக்கும் டியூக் மதிப்பெண் மைனஸ் 11, அதாவது அதிக ஆபத்து. ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்ட். டியூக் கணக்கு எளிதுதான்: ஓடிய நிமிடத்திலிருந்து எஸ்.டி. இறக்கத்தின் ஐந்து மடங்கைக் கழித்து, வலி டெஸ்ட்டையே நிறுத்தவைத்திருந்தால் இன்னும் எட்டைக் கழிப்பார்கள். மைனஸ் 11-ம் அதற்குக் கீழேயும் அதிக ஆபத்து. இதற்கு வேண்டிய எண்கள் எல்லாம் ஈரோட்டு ரிப்போர்ட்டிலேயே இருந்தன, யாரும் கூட்டிக்கழித்து எழுதவில்லை. அன்று மாலையே முதல் அனுமதி வந்தது. ஆஞ்சியோவில் முன்பக்கப் பெரிய குழாயில் 90 சதவீத அடைப்பு. மணிக்கட்டு வழியாகவே ஸ்டென்ட் வைத்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் வரைவைக் கேட்டு வாங்கிப் படித்ததால் தப்பித்தோம். முதல் வரியிலேயே ‘கே/சி/ஓ சி.ஏ.டி.’ என்று இருந்தது. ஏற்கெனவே தெரிந்த இதய நோயாளி என்று பொருள். பழைய சம்மரியை எடுத்து மேலே தட்டச்சு செய்யும்போது இப்படி ஒட்டிக்கொள்ளும், எங்கள் சார்ட்டுகளிலும் பார்த்திருக்கிறேன். இந்த மூன்று எழுத்து இருந்தால் பாலிசிக்கு முன்பே இருந்த நோயா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம், எங்கள் பாலிசியில் 36 மாதமேதான். அப்பாவுக்கு நோய் தெரிந்ததே இந்த வாரம். டாக்டரிடம் காட்டினேன். அவரே அடித்துவிட்டு ‘இப்போது முதன்முறையாகக் கண்டறியப்பட்டது’ என்று திருத்திக் கையெழுத்திட்டார்.

அப்படியும் ‘அறிகுறி எப்போதிலிருந்து’ என்று கேள்வி வந்தது. ஈரோட்டு ஓ.பி. சீட்டில் மூன்று வாரம் என்று தேதியோடு இருந்ததால் அதை அனுப்பினோம். டிஸ்சார்ஜ் கேட்டபின் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தரவேண்டும் என்பதும் விதிதான். எங்களுக்கு வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. கையுறை, அது இது என்று இன்சூரன்ஸில் கழித்ததைக் கையிலிருந்து கட்டினோம்.

ஈரோட்டில் கட்டிய டிரெட்மில் பணமும் வந்தது. அட்மிஷனுக்கு முன்னால் அதே நோய்க்குச் செய்த செலவை எங்கள் பாலிசி தரும், ஆனால் டாக்டர் எழுதிய சீட்டும் பில்லும் ரிப்போர்ட்டும் மூன்றும் வேண்டும். சீட்டைக் காணோம் என்று தேடினேன். அம்மா அதைப் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார்.