திரைக்குப் பின்னால் ஒரு பேசின் பிரிட்ஜ்

ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு 1856-இல் திறந்த நம் ஸ்டேஷனை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, ஓடும் மாதிரி ரயில்களோடு கட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் என் உயிர் இருப்பது பின்பலகைக்கு அப்பால், யார் கண்ணிலும் படாத யார்டில்தான். சென்ட்ரலில் பயணிகள் இறங்கியதும் காலி ரயில் பேசின் பிரிட்ஜுக்குப் போகிறதே, அதே வேலை. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்றே இந்த அளவில் சுமார் 24.5 செ.மீ.; ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட் போட்டுப் பாதை பிரித்தால் பலகையின் நீளம் அதற்கே போய்விடும். ஆகவே, ஐந்து பாதைகளைச் சுமந்து பக்கவாட்டில் நகரும் மேடை. மண்ணடியில் வாங்கிய பித்தளைத் தாழ்ப்பாள் டக்கென்று உள்ளே நுழைந்தால் மேடையின் ஒரு பாதையும் ஸ்டேஷனிலிருந்து வரும் பாதையும் நேராகும்; மின்சாரமும் அதன் வழியாகவே பாயும். மற்றப் பாதைகளில் மின்சாரமே இல்லை, எந்த எஞ்சினும் தவறிப் புறப்படாது. "அண்ணே, அடுத்து எந்த வண்டி?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்கிறான். சொல்ல மாட்டேன்.