பிரஷ் கட்டர் வாங்கப் போறீங்களா? விலையைக் கேட்பதற்கு முன்னால் ஸ்பேரைக் கேளுங்க

தோப்பில் புல், புதர் வெட்டும் மெஷின்தான் பிரஷ் கட்டர். ஆன்லைனில் பத்தாயிரத்துக்குள்ளேயே 52 சிசி மெஷின் கிடைக்கிறது. கம்பெனி டீலரிடம் போனால் அதைவிடச் சின்ன இன்ஜினுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். தோப்பு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் யோசிக்கத்தான் செய்வார். வெறும் பெயருக்காக அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை. டீலரிடம் நாம் காசு கொடுப்பது இரண்டு காரியங்களுக்கு: மெஷினைச் சரியாகப் பூட்டி, ஓட்டிக் காட்டித் தருவதற்கு, மூன்று வருஷம் கழித்து ஒரு சின்ன ஸ்பேர் கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு. இந்த இரண்டையும் செய்யாதவர் வாசலில் எவ்வளவு பெரிய போர்டு மாட்டியிருந்தாலும் அது இன்னொரு ஹார்டுவேர் கடைதான்.

முதலில் சிசி கணக்கு, அதாவது இன்ஜின் கொள்ளளவு. மலிவு டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டும்) மெஷின்களில் பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் சீன இன்ஜின்கள்தான் வருகின்றன. இன்ஜின் மேல் 1ஈ40எஃப், 1ஈ44எஃப் என்று அடித்திருக்கும். முதல் 1 என்பது ஒரு சிலிண்டர். 40, 44 என்பவை சிலிண்டர் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 34 மி.மீ. போட்டுப் பார்த்தால் 40-க்கு 42.7 சிசி, 44-க்கு 51.7 சிசி. ஸ்டிக்கரில் 63 சிசி, 68 சிசி என்று போட்டுவிட்டு உள்ளே 1ஈ44எஃப் வைத்திருந்தால் அது 52 சிசி மெஷின், அவ்வளவுதான். ஸ்டிக்கரை விட்டுவிட்டு இன்ஜினில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஆன்லைன் படத்தில் அந்த எண் தெரியவே தெரியாது. கடையில் குனிந்து பார்க்கலாம்.

அடுத்து, பெட்டியைப் பிரித்த முதல் ஒரு மணி நேரம். நிறைய மெஷின்கள் கெடுவது இங்கேதான். ஃபோர் ஸ்ட்ரோக் (ஆயிலைத் தனியாக இன்ஜினில் ஊற்றும்) மெஷின் பெரும்பாலும் இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். ஹோண்டா ஜிஎக்ஸ் 35 இன்ஜினுக்கு 10டபிள்யூ-30 ஆயில் 100 மில்லி. அதை ஊற்றாமல் கயிற்றை இழுத்து ஓட்டினால் சில நிமிஷத்திலேயே உள்ளே உரசல் ஆரம்பித்துவிடும். தாராளமாக 200 மில்லி ஊற்றுபவர்களும் உண்டு. ஆயில் ஏர் ஃபில்டருக்கு ஏறி, வெள்ளைப் புகை கக்கி, பிளக் நனைந்து நின்றுவிடும். பெட்ரோல் டேங்கில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலப்பது இன்னொரு தவறு. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வெறும் பெட்ரோல்தான்.

பிளேடு நட்டு இடதுமரை. எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் வழக்கம்போல வலுவைக் காட்டினால் மரை நசுங்கும், இல்லையென்றால் பிளேடு மாட்டும் தலைப்பகுதியான கியர் ஹெட்டின் தண்டே முறியும். பிளேடு நடு ஓட்டையும் எல்லாவற்றிலும் ஒன்றில்லை, 25.4 மி.மீ., 20 மி.மீ. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. 20 மி.மீ. வாஷர் மேல் 25.4 பிளேடு உட்கார்ந்தால் மையம் தப்பும். கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும், கியர் ஹெட் பேரிங் சீக்கிரம் போகும். கியர் ஹெட் பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி கிரீஸ் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் 5 கிராம் அளவு விட்டால் போதும், அடைத்துத் திணித்தால் சீல் வழியாக வெளியே தள்ளும்.

நல்ல டீலர் இதையெல்லாம் உங்கள் முன்னாலேயே செய்வார். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு பிளேடு நிற்கிறதா என்று காட்டுவார். ஐடிலில் பிளேடு சுற்றினால் ஐடில் அதிகம், அல்லது கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் சரியில்லை. அதைச் சரி செய்யாமல் மெஷினை வண்டியில் ஏற்றாதீர்கள், காலோடு சம்பந்தப்பட்ட விஷயம். கவசத்தையும் கழற்றிப் போடாதீர்கள். பிளேடுக்குப் பதில் மாட்டும் நைலான் ரோப்பை அளவாக அறுக்கும் கத்தி அதில்தான் இருக்கிறது. கவசம் இல்லாவிட்டால் ரோப் நீளமாகவே சுற்றும், இன்ஜின் வேகம் இறங்கும், கிளட்ச் வழுக்கிச் சூடாகி டிரம் நீலம் பாய்ந்துவிடும். அதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்-ஆயில் கலவைதான் உயிர். ஸ்டில் கம்பெனி தன் ஆயிலுக்கு 1:50 சொல்கிறது, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயில் என்றால் 1:25, லிட்டருக்கு 40 மில்லி. மெஷின் டீலரிடம் வாங்கி, அவர் சொன்ன 20 மில்லி கணக்கை வைத்துக்கொண்டு, பங்க்கில் கிடைக்கும் ஆயிலை ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பிஸ்டன் பிடித்துக்கொண்டு வாரண்டி கேட்டுப் போனால், மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் தெரிந்தால், டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை எடுத்துப் பார்ப்பார். கலவை குறை என்று தெரிந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல சின்ன இன்ஜின்களின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதம் வரை என்றுதான் போட்டிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் டேங்கில் நின்றால் தண்ணீர் அடியில் பிரியும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரம் விறைக்கும், பெட்ரோல் டியூப் விரிசல் விடும். உங்கள் மாடலுக்கு இ20 ஒத்துவருமா என்று டீலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எது எப்படியோ, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி வைப்பது நல்லது.

மலிவு மெஷினுக்கு ஸ்பேரே கிடைக்காது என்பதும் சரியில்லை. 1ஈ44எஃப் கார்புரேட்டர், கயிறு ஸ்டார்ட்டர், பிஸ்டன் செட் எல்லாம் கோவையிலும் சென்னை பிராட்வேயிலும் சல்லிசாகவே கிடைக்கும். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், வருஷத்துக்கு நாலைந்து நாள் மட்டும் வெட்டுபவர், அதை வாங்குவதில் தப்பே இல்லை. சிக்கல் இன்ஜினுக்குக் கீழே. குழாய் 26 மி.மீ. ஆகவும் இருக்கும், 28 ஆகவும் இருக்கும். உள் ஷாஃப்ட்டின் நுனிப் பல் ஏழும் உண்டு, ஒன்பதும் உண்டு. கிளட்ச் டிரம் 76, 78 என்று மாறும். அதனால் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய், பல்லை எண்ணித்தான் வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் பாதி நேரம் பொருந்தாது. வாரத்தில் மூன்று நாள் மெஷின் ஓடும் தோப்புக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது.

டீலரை எடைபோட ஒரே வழி, விலை பேசும் முன்னால் நாலு ஸ்பேர் கேட்பது: கயிறு ஸ்டார்ட்டர் முழு செட், கிளட்ச் ஷூ, கார்புரேட்டர் டயாபிரம் கிட், பிரைமர் பல்பு (ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலை ஏற்ற அமுக்கும் குமிழ்). ஷெல்ஃபிலிருந்து எடுத்துக் காட்டினால் அங்கே வாங்கலாம். "சொன்னா வரவழைச்சுத் தருவோம்" என்றால் எத்தனை நாளில் என்று கேளுங்கள். சர்வீஸ் செய்பவர் அதே இடத்தில் இருக்கிறாரா, இல்லை மெஷினை வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்பதையும் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் மாடலோடு இன்ஜின் எண்ணும் இருக்க வேண்டும். பல கம்பெனிகளில் வீட்டு உபயோகத்துக்கு ஒரு வாரண்டி, வாடகைக்கு ஓட்டினால் அதைவிடக் குறைவு. உங்கள் உபயோகம் எது என்று அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

பிரஷ் கட்டரோடு பவர் வீடரும் (களையெடுக்கும் மெஷின்) யோசனையில் இருந்தால், வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், அல்லது உழவன் செயலியில் விண்ணப்பியுங்கள். விலையில் குறிப்பிட்ட சதவீதம் மானியம் உண்டு; சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு அது மற்றவர்களைவிட அதிகம். அரசு வைத்திருக்கும் உச்சத்தொகையோடு ஒப்பிட்டு எது குறைவோ அது. துறையின் பட்டியலில் உள்ள கம்பெனி, மாடலுக்குத்தான் அது கிடைக்கும். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பில்லைக் கொண்டுபோனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.