நேற்றுக் காலமை என்ன செய்தனீங்கள்?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "என்ன பிள்ளை, டொக்டரோ?" உயிரியல் படித்தவளுக்கு வேறு தொழிலே இல்லை என்பதுபோல. எனக்கும் வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை. முதல் தடவை மருத்துவத்துக்குப் புள்ளி காணவில்லை. இரண்டாம் தடவையும் எழுதிவிட்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவத்துக்குக் கீழே எதை எழுதுவது என்று முழித்தபோதுதான் ஒரு சீ.ஆர். கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஆட்களிடம் கேட்கப் புறப்பட்டேன்.

விண்ணப்பம் நிரப்பாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக விஞ்ஞானப் பிரிவுகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் எழுதும் விருப்ப ஒழுங்கில், உங்கள் புள்ளி எட்டுகிற மேலுள்ள பாடநெறிதான் கிடைக்கும். ஆகவே அந்த ஒழுங்கை எழுதும் நாளில்தான் பாதி முடிவு நடந்துவிடுகிறது. அதைப் பக்கத்து வீட்டு அன்ரி சொன்னபடி எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் நான் கேட்ட கேள்வி படுமோசம். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்கால் கரையில் நின்ற ஒரு கமக்கார ஐயாவிடம், "உங்கட தொழில் நல்லதோ?" என்றேன். "ஏதோ இருக்குது பிள்ளை" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சி) கிளினிக் நடக்கும் நேரத்தில் போய் நின்றேன். அவர் பேசினார், ஆனால் கண் முழுக்கத் தராசில் கிடந்த குழந்தையில். பிழை என்னுடையது. மீன் தொழிலாளியிடம் வலை பொத்தும் நேரத்தில் போக வேண்டும், கரைக்கு வந்து மீன் இறக்கும் நேரத்தில் அல்ல.

பிறகு கேள்வியை மாற்றினேன். "நேற்றுக் காலமை என்ன செய்தனீங்கள்?" இதற்கு எவரும் "ஏதோ" என்று பதில் சொல்ல முடியாது. அதே ஐயா, வரம்பில் குந்தியிருந்து அரை மணித்தியாலம் பேசினார். விதைநெல் மூட்டையைக் காட்டி, "எண்ணைப் பார், வயது தெரியும்" என்றார். பீஜி 300 என்ற நெல்லினம் விளைய மூன்று மாதம், பீஜி 352 மூன்றரை மாதம். முன்னால் நிற்கும் பீஜி, அந்த இனம் பிறந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் பத்தலகொடை. நான் எந்தக் குறிப்பிலும் அதைப் படித்திருக்கவில்லை. மழை குறைந்த சிறுபோகத்துக்குக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு காணி விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள், அதிலிருந்து இனமும் மாறும் என்றார். இரணைமடு நிறைந்தால் 36 அடி என்பது அவருக்கு வீட்டு நிலுவைக் கணக்குப்போல.

சரி, கருத்துச் சொல்வது? நான் உற்சாகத்தில், "சொட்டு நீர்ப்பாசனம் போட்டால் தண்ணீர் மிஞ்சுமே ஐயா" என்றேன். "நெல்லுக்கோ?" என்றார். அவ்வளவுதான். எனக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னது நல்லதுதான். வாயைத் திறந்திருக்காவிட்டால், தண்ணீர் நிற்கிற வயலில் களை எப்படி அடங்குகிறது என்ற அடுத்த கதை வந்திருக்காது. கருத்தைச் சொல்லுங்கள், ஆனால் அவர் ஒரு விசயத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகு, திருத்தினால் எழுதிக்கொள்ளும் முகத்தோடு.

ஒரே கேள்வியை இரண்டு தொழில்காரரிடம் கேட்டுப் பாருங்கள். வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு ஏன் தண்ணீர் காணாது? நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த ஒரு சேர், "முன்னுக்கு இருக்கிறவை மறிச்சுப்போட்டு விடினமில்லை" என்றார். ஐயாவோ, "மண் வாய்க்கால் வழியிலேயே குடிச்சுப்போடுது" என்றார். கொப்பியின் வலப்பக்கத்தில் ஒன்று, இடப்பக்கத்தில் மற்றது. இரண்டு பேரும் ஒரே தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள்.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போன ஓர் அக்காவிடம் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கையில் பேச்சு தானாகவே 2009க்குப் போனது. நான் பேனையை மூடிவிட்டேன். அது நான் கேட்க வந்த விசயமில்லை. அவர் சொல்ல விரும்பியவரை கேட்டேன், எழுதவில்லை. "அப்ப எங்க இருந்தனீங்கள்?" என்று நீங்களாகத் தொடங்காதீர்கள்.

விண்ணப்பத்தில் விவசாயத்தை மேலே ஏற்றி எழுதினேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிடைத்தது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். மூன்றாம் வருடம் செய்முறைக்காக மிதவை ஒன்றை வாய்க்காலில் விட்டு, பத்து மீற்றருக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, வாய்க்காலின் அகலம், ஆழத்தோடு சேர்த்து ஓடும் தண்ணீரைக் கணக்கெடுத்தோம், மேலே ஓரிடம், கீழே ஓரிடம். இடையில் யாரும் மறிக்காத நாள். அப்படியிருந்தும் கீழே தண்ணீர் கணிசமாகக் குறைவு. வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அதே ஐயாதான்.

"இதைத்தானே நான் அண்டைக்குச் சொன்னனான். கொப்பியில எழுதேல்லையோ?"

எழுதியிருந்தேன். இடப்பக்கத்தில்.