மலையேற்றமும் என் பழைய பெட்ரோல் ஜீப்பும்

நான் பல ஆண்டுகள் ஆசையாக வைத்திருந்த ஜீப், 1953-இல் அறிமுகமான வில்லிஸ் சிஜே-3பி வடிவத்தைச் சேர்ந்தது. அதன் ஹரிகேன் எஞ்சினில், பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மேல்மூடியான ஹெட்டிலும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு கீழ்ப்பகுதியான பிளாக்கிலும் இருப்பதால் எஞ்சினின் உயரம் கூடியது; அதற்கு இடம் தரவே பானெட்டை உயர்த்தினார்கள். அந்த நெடிய முகம் இன்றும் எனக்கு அழகாகவே தெரிகிறது.

என்னிடம் வந்தபோதே வண்டி முதுமையடைந்திருந்தது. சமவெளியில் ஒழுங்காக ஓடும். சித்திரை வெயிலில் போடிநாயக்கனூரிலிருந்து மலைமேலுள்ள போடிமெட்டுக்கு ஏறும்போது, இரண்டாவது கியரில் நெடுநேரம் இழுத்த பிறகு, திணறி நின்றுவிடும். டேங்கைக் கழற்றிக் கழுவியதில் துருவும் வண்டலும் வந்தன; ஓட்டம் சீரானது, ஆனால் மலையில் நிற்பது தொடர்ந்தது.

அடுத்து நின்றபோது பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினேன். சற்று நேரத்தில் எஞ்சின் உயிர்பெற்றதால், காரணம் வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் ஆவியாகி வரத்தை அடைத்துக்கொள்வது, என்பது உறுதியானது. மெதுவாக ஏறும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றோட்டம் குறைகிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தமும் குறைவதால் பெட்ரோல் குழாயிலேயே எளிதில் ஆவியாகிவிடுகிறது. ஒரு சவ்வின் அசைவால் திரவத்தைத் தள்ளுவதற்கென்றே அமைந்த டயாஃப்ரம் பம்ப் அந்த ஆவியை அமுக்குகிறதே தவிர, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

நின்ற இடங்களிலெல்லாம், ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்கள் கேளாமலே நிறுத்தித் தண்ணீர் தருவார்கள். “அண்ணே, பைப்பு மேனிஃபோல்டை ஒட்டிப் போகுது, தள்ளிப் போடுங்க” என்று, சூடேறும் புகைக்குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் காட்டிச் சொன்னவரும் அவர்களில் ஒருவரே. அவர் சொன்னபடி குழாயை விலக்கி வளைத்து, இடையில் அலுமினியத் தகட்டை மறைப்பாகப் பொருத்தி, பம்பின் டயாஃப்ரத்தையும் மாற்றினேன். வெப்பம் கடத்தாதிருக்கப் பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த பேக்கலைட் (கெட்டி பிளாஸ்டிக்) துண்டு வைக்கும் யோசனையை மட்டும் ஏற்கவில்லை. தடிமன் கூடினால் பம்பின் கை, அதை இயக்கும் எஞ்சினின் கேம் மீது முழுமையாக அழுந்தாது.

முன்சக்கரங்களின் நடுக்கத்தைக் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கில் உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகளை) குறைத்து இறுக்கியதும் பெருமளவு அடக்க முடிந்தது. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் எண்ணெய்க் கசிவோ, சீல்களை மாற்றியும் கடைசிவரை நிற்கவில்லை.

இந்த வேலைகளுக்குப் பின் மார்கழியில் ஒருமுறைகூட நிற்காமல் வண்டி போடிமெட்டை எட்டியது. சித்திரைப் பயணங்களுக்கு மட்டும் தண்ணீர்க் கேனும் துணியும் இருக்கைக்கடியில் இருந்தன. எதிரே வேறொரு பழைய பெட்ரோல் ஜீப் நின்றிருந்தால் முதலில் அதற்கே அவை பயன்பட்டன.