புவியியல் சாரும் தேக்கடி ஏரியும்

புவியியல் சார் தை மாதக் கடைசியில் காலமானார். நம் பள்ளி முன்னாள் மாணவர் மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி சிங்கப்பூர்க் கிளை நண்பர்கள் கேட்டார்கள். அவரை நினைத்தால் எனக்குத் தேக்கடிதான் முன்னால் வந்து நிற்கிறது.

கரும்பலகையின் வலது மூலையில் அவர் தினமும் எழுதும் எண்ணை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெரியாறு அணையின் நீர்மட்டம். அதைத் தெரியாமல் அழித்தவன் பாடும் நினைவிருக்கும். 1979க்குப் பிறகு 136 அடிக்கு மேல் தேக்க முடியாது என்று இருந்த அந்த ஆண்டுகளில், நம் வீடுகளில் அந்த எண்தான் சோற்றுக் கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் அதை நம்பித்தானே இருந்தது.

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில் லோயர் கேம்ப்பிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார். மலைச்சரிவில் மின்நிலையத்தை நோக்கி இறங்கும் பெருங்குழாய்களைக் காட்டி, "மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய ஆறு இது. மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். முதலில் இதைப் பாருங்கள், யானையை அப்புறம் பார்க்கலாம்" என்றார். நாங்கள் தேக்கடிக்கு வாசலான குமுளிக்குப் போகும் அவசரத்தில் இருந்தோம்.

ஏரியில் படகு கொஞ்ச தூரம் போனதும் பட்டுப்போன மரங்கள் தெரிந்தன. 1895இல் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்து, தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காடு அது. இலையும் பட்டையும் போய், கறுத்த கட்டைகளாக நின்றன. ஒன்றின் நுனியில் பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது. படகு கிட்டே போயும் பறக்கவில்லை. நீண்ட கழுத்து மட்டும் எங்களோடு மெல்லத் திரும்பியது. "நாம் ஒரு காட்டின் உச்சிக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறோம், தெரிகிறதா?" என்றார் சார். உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் வலது கரையில் யானைகள். கூட்டத்தில் ஒரு குட்டி. இடது பக்கம் இருந்த நாங்கள் மொத்தமாக எழுந்தோம். "உட்கார்! ஒருத்தன் எழக்கூடாது!" அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவர், என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். "யானை நாளைக்கும் வரும். உட்காருடா." வேறு பள்ளிப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். வலது பக்கத்துக்காரர்கள், குட்டி மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டதை ஊர் வரும்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அந்த ஆண்டு முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். செய்தி கேட்டதும் சாருக்குப் போன் செய்தேன். எங்கள் சுற்றுலாவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "பிள்ளைகள் எத்தனை பேரோ" என்றார். அப்புறம் பேச்சில்லை, போனையும் வைக்கவில்லை. என் தோளில் அந்தக் கை இன்னமும் இருப்பதுபோல இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி பேசினோம். காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை, அதாவது காட்டு இலவங்கப் பட்டை, உரித்துக்கொண்டிருந்தவர்களே இப்போது வழிகாட்டிகளாகவும் காவலாகவும் இருக்கிறார்கள் என்று அவ்வளவு பூரிப்போடு சொன்னார். "கோடையில் வாப்பா. உள்ளே தண்ணீர் வற்றினால் யானைகள் கரைக்கு வரும். சித்திரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோவிலுக்கும் ஏறிவிடலாம்" என்பார். என் விடுமுறையோ பிள்ளைகளின் பள்ளியை ஒட்டி எப்போதும் டிசம்பரில். வந்தால் கல்யாணம், பத்திரப்பதிவு, மாமனார் வீடு. கம்பத்திலிருந்து குமுளி என்ன தூரம்? போகவே முடியவில்லை.

அப்பாவுக்குப் பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் குத்தகைக்காரர் மறக்காமல் போன் செய்வார். "சந்தோஷம் அண்ணே" என்று சொல்லிவிட்டு உடனே சாரை அழைப்பேன். தனக்கு அது முன்பே தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், "அப்படியா! எத்தனை அடி?" என்று கேட்பார். இந்த ஆண்டு யாரை அழைப்பது என்று தெரியவில்லை.